அவர் காலியாக விட்ட கட்டம்

ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு அவர் நின்றது இன்றும் அப்படியே என் கண்ணில் நிற்கிறது. குப்பிக்குள் இருந்தது வடிகட்டிய அமிலம். பார்த்தால் குடிதண்ணீர் என்றுதான் தோன்ற வேண்டும். எங்கள் ஆலையின் பெருமையே அதுதான். அன்று அதில், துணிக்குப் போடும் நீலம் ஒரு சொட்டு விழுந்து கரைந்ததுபோல ஏதோ ஒன்று இருந்தது. இருக்கிறது என்று நினைத்துப் பார்த்தால் இருந்தது, இல்லை என்று நினைத்துப் பார்த்தால் இல்லை. குப்பிக்கு மேலாக என்னைப் பார்த்து, "சார், இது உங்க கண்ணுக்குத் தண்ணி நெறமாவா தெரியுது?" என்று கேட்டார். "தண்ணி நெறந்தாங்க மேடம்," என்றேன். அவர் குப்பியைக் கீழே வைத்துவிட்டார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. நான் சொன்னது பொய் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் அது தெரியும் என்பது மட்டும் எனக்கு அப்போது தெரியாது.

லேபில் சோதனை செய்பவர் என்பதால் ஆலையில் எல்லாரும் அவரை டெஸ்ட்டம்மா என்று கூப்பிட்டார்கள். நான் மட்டும் மேடம் என்பேன். பாலக்கோட்டிலிருந்து மாரண்டஹள்ளி போகும் வழியில், தக்காளித் தோட்டங்களுக்கு நடுவே தகரக் கூரை போட்ட இரண்டு கொட்டகைகள்தான் ஆலை. ஓசூர்ப் பக்கத்துப் பட்டறைகளில் பித்தளைச் சாமான்களையும் செம்புக் கம்பிகளையும் அமிலத்தில் முக்கிக் கழுவுவார்கள். கழுவக் கழுவ அந்த அமிலத்தில் செம்பு கரைந்து, அது நீலமாகி, எதற்கும் உதவாமல் போய்விடும். அந்தக் கழிவு அமிலம் டேங்கரில் எங்களிடம் வரும். நாங்கள் அதிலிருந்து செம்பைத் தனியாகவும் அமிலத்தைத் தனியாகவும் பிரித்து, நல்ல அமிலத்தை அவர்களுக்கே திருப்பி அனுப்புவோம். பிரிக்கிற வேலையைச் செய்வது மெம்பரேன். காகிதத்தைவிட மெல்லிய ஒரு படலம். அதைப் பாய்போலச் சுருட்டி வெள்ளைக் குழாய்க்குள் செருகியிருக்கும். அழுத்தத்தோடு அமிலத்தைத் தள்ளினால், அமிலம் படலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போகும், செம்பு தாண்ட முடியாமல் இந்தப் பக்கமே நின்றுவிடும். அவ்வளவுதான் சூட்சுமம். ஆனால் அந்தப் படலம் அமிலம் தாங்குகிற படலமாக இருக்க வேண்டும். எங்கள் மாவட்டத்தில் ஊருக்கு ஊர் குடிதண்ணீர் நிலையங்கள் இருக்கின்றன. கிணற்று நீரில் பல்லைக் காவியாக்கும் உப்பு இருப்பதால் அதை எடுக்க வைத்தவை. அங்கேயும் இதேபோல வெள்ளைக் குழாயும் சுருளும்தான். வெளியே பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் அந்தச் சுருளில் அமிலத்தை விட்டால் சில வாரங்களில் படலம் ஊறி, நைந்து, ஓட்டைவலை மாதிரி ஆகிவிடும்.

ஆலையை நடத்தியது என் மாமா, அக்காவின் கணவர். டிப்ளமோ முடித்துவிட்டு ஓசூரில் வேலை தேடி அலைந்துகொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு, ஆலைக்குப் பொறுப்பாளனாக்கியவர் அவர்தான். அவரைக் கெட்டவர் என்று எழுதினால் எழுதுவது சுலபமாகிவிடும், ஆனால் அது உண்மையாக இருக்காது. முதல் செட் மெம்பரேனை நல்லதாகத்தான் வாங்கினார். அது தன் ஆயுளை முடித்துக்கொண்டபோது, அடுத்த செட் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருந்தது. வரவில்லை. இன்று, நாளை என்று தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. வாசலில் டேங்கர்கள் வந்து நின்றன. அமிலத்தை நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை என்றால் பட்டறைகள் வேறு இடம் பார்த்துக்கொள்ளும். ஒரு நாள் மாலை மாமா தன் காரின் டிக்கியைத் திறந்து காட்டினார். உள்ளே ஆறு வெள்ளைச் சுருள்கள் இருந்தன. குடிதண்ணீர்ச் சுருள்கள். "ரெண்டே மாசம்டா மாப்ள. ஒரிஜினல் வந்த ஒடனே கழட்டிடலாம்," என்றார். அவற்றின் மேலிருந்த லேபிள்களைச் சுடுதண்ணீர் ஊற்றிச் சுரண்டி எடுத்தது நான். பழைய செட்டின் லேபிள்களை உரித்து அவற்றின்மேல் ஒட்டியதும் நான்தான். அப்போது சுருக்கம் விழாமல் ஒட்ட வேண்டும் என்ற கவனம் மட்டும்தான் இருந்தது.

இரண்டு மாதம் நான்கானது. ஒரு செட் நைந்ததும் மாமா இன்னொரு செட் கொண்டுவந்தார். லேபிள் மட்டும் அதேதான். ஒரு குழாயிலிருந்து இன்னொரு குழாய்க்கு மாறிக்கொண்டிருந்தது. நான் விலகியிருக்கலாம் என்று இப்போது படிக்கிறவர்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் நான் இருந்த வீடு அக்காவின் வீடு. காலையில் எனக்குத் தோசை வார்த்துப் போடுவது அக்கா. அவளுடைய நகையெல்லாம் அந்தக் கொட்டகைக்குள் போயிருந்தது. நான் வாயைத் திறந்தால் இடிந்து விழப்போவது யாரோ ஒரு முதலாளியின் ஆலை அல்ல, நான் சாப்பிடுகிற அடுப்பங்கரை. ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாக ஒகேனக்கல் பஸ் ஏறிப் போய், பரிசல்காரர்கள் கூப்பிடுவதையும் காதில் வாங்காமல் அருவிச் சத்தத்தில் உட்கார்ந்திருப்பேன். அங்கேகூட எனக்குக் கேட்டது பம்ப் ஓடும் சத்தம்தான்.

டெஸ்ட்டம்மாவின் நிலைமை என்னுடையதைவிடக் கெட்டியான பூட்டு. அவர் கணவர் முன்பு அதே ஆலையில் அமிலத் தொட்டியில் வேலை பார்த்தவர். ஒரு முறை குழாய் தெறித்து இடது கண்ணில் அமிலம் பட்டு, அந்தக் கண் போய்விட்டது. புகார் எதுவும் கொடுக்க மாட்டோம் என்று ஒரு தாளில் இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கணவருக்கு கேட்டில் காவல் வேலையும், பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு வீட்டில் இருந்த மனைவிக்கு லேபில் வேலையும், ஆலை வளாகத்துக்குள்ளேயே ஓர் அறை வீடும் கொடுத்தார்கள். இது நான் வருவதற்கு முன்பு நடந்தது. ஆக, அந்தக் குடும்பத்தின் சோறு, கூரை, மருந்து எல்லாமே ஒரே கேட்டுக்கு உள்ளே. வெளியே போய்வர வேண்டும் என்றால்கூடக் கணவர்தான் கேட்டைத் திறந்துவிட வேண்டும். ஒரு முறை அதைச் சொல்லி அவரே சிரித்தார். "ஜெயிலரும் எங்க வூட்டுக்காரருதானுங்க, கைதியும் நானுதானுங்க சார்."

அவர் உயரம் குறைந்தவர். புடவைக்கு மேல் வெள்ளைக் கோட்டைப் போட்டு, பச்சை ரப்பர் கையுறையை முழங்கைவரை இழுத்துவிட்டுக்கொண்டு நடப்பார். கண்ணாடிக் கவசம் இல்லாமல் வடிகட்டும் அறைக்குள் அவர் போய் நான் பார்த்ததில்லை. யாராவது கவசம் இல்லாமல் நின்றால் சத்தம் போட மாட்டார். பக்கத்தில் போய் நின்றுகொண்டு அந்த ஆள் போட்டுக்கொள்ளும் வரை பார்த்துக்கொண்டே இருப்பார். வீட்டில் அவர்கள் பேசியது கன்னடம். எங்களோடு பேசுவது தமிழ். கோபம் வந்தால் மட்டும் "சும்னிரு" என்று கன்னடத்தில் ஒரே சொல் வரும். வாயை மூடு என்று அர்த்தம். பெரும்பாலும் கணவரிடம்தான் அது பயன்பட்டது.

தினமும் அவர் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். வெப்பம், அழுத்தம், அமிலத்தின் கெட்டித்தன்மை, கடைசியில் வடிந்த அமிலத்தில் இருக்கும் செம்பின் அளவு. கீழே சோதித்தவர் கையெழுத்து, அதற்குப் பக்கத்தில் சரிபார்த்தவர் கையெழுத்து. சரிபார்த்தவர் இடத்தில் மாமா போடுவார். மாதம் ஒரு முறை இந்தத் தாள்கள் அரசு அலுவலகத்துக்குப் போகும். குப்பியில் நீலம் தெரிந்த நாளிலிருந்து, டெஸ்ட்டம்மா மற்ற கட்டங்களை எல்லாம் நிரப்பி, செம்புக்கான கட்டத்தை மட்டும் காலியாக விட்டு, கீழே கையெழுத்தும் போட்டு என் மேசையில் வைத்துவிட்டுப் போவார். முதல் நாள் மறந்துவிட்டார் என்று நினைத்தேன். இரண்டாம் நாளும் காலி. மூன்றாம் நாள் எனக்குப் புரிந்தது. பேனாவை எடுத்து, பழைய மெம்பரேன் இருந்தபோது வந்துகொண்டிருந்த எண்ணையே போட்டேன். நாள்தோறும் கொஞ்சம் கூட்டிக் குறைத்துப் போட்டேன், ஒரே எண்ணாக இருந்தால் சந்தேகம் வரும் அல்லவா. ஒரு சொல்லும் பேசிக்கொள்ளாமல் நாங்கள் இரண்டு பேரும் இந்த ஏற்பாட்டுக்குள் போய்விட்டோம். அவர் பொய் எழுதவில்லை. நான் கையெழுத்துப் போடவில்லை. ஆளுக்கொரு சந்து வைத்துக்கொண்டு, தப்பித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

அது உடைந்த நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. முற்பகல் பதினோரு மணி இருக்கும். வடிகட்டும் அறையில் ஆறு குழாய்களும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரு இரும்புச் சட்டத்தில் படுத்திருக்கும். அந்தச் சட்டத்துக்கும் பின்சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் பக்கவாட்டில் நடக்கிற அளவு சந்து. சந்தின் கடைசியில் ஒவ்வொரு குழாயிலிருந்தும் தனித்தனியாக மாதிரி எடுக்கும் சின்ன வால்வுகள் இருந்தன. அங்கே யாரும் போவதே இல்லை. அன்று டெஸ்ட்டம்மா அங்கே போய் ஒவ்வொரு குழாயாக மாதிரி பிடித்துக்கொண்டிருந்தார். அப்படித் தனித்தனியாகச் சோதித்தால் எந்தக் குழாய் எவ்வளவு நைந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். கவசம் மாட்டிக்கொள்ளக்கூடத் தோன்றாமல் சந்துக்குள் நுழைந்து, "இதெல்லாம் எதுக்குங்க மேடம் இப்ப?" என்று கேட்டுக்கொண்டே அவர் பக்கத்தில் போனேன்.

அவர் பதில் சொல்வதற்குள் பின்னால் வெடிச் சத்தம் கேட்டது. திரும்பினால், வாசல் பக்கம் குழாய்களின் முனையை இணைக்கும் வளையம் கழன்று, நீல அமிலம் விசிறிபோல அறையின் அகலத்துக்கும் பீய்ச்சிக்கொண்டிருந்தது. நைந்துபோன சுருளிலிருந்து உரிந்த துணுக்குகள் வெளியேறும் வழியை அடைத்து, அழுத்தம் ஏறியிருக்கிறது. அழுத்தம் ஏறினால் பம்பைத் தானாக நிறுத்துகிற சுவிட்ச் ஒன்று உண்டு. அது அடிக்கடி நிறுத்திக்கொண்டே இருந்ததால், முந்தின வாரம்தான் நானே அதைக் கழற்றி வைத்திருந்தேன். பம்பின் சுவிட்ச் அந்த விசிறிக்கு அப்பால். வாசல் அப்பால். கழுவிக்கொள்ளும் ஷவரும் அப்பால். எங்களுக்குப் பின்னால் சுவர். போன் இரண்டு பேரிடமும் இல்லை, அந்த அறைக்குள் கொண்டுவரக்கூடாது என்பது என்னுடைய உத்தரவு. ஆபரேட்டர் டேங்கர் இறக்க வெளியே போயிருந்தார். பம்ப் சத்தத்தில் கத்தினாலும் யாருக்கும் கேட்காது.

சுவரோரம் ஒரு தொட்டியின் ஃபைபர் மூடி சாய்த்து வைத்திருந்தது. டெஸ்ட்டம்மா அதை இழுத்து முன்னால் நிறுத்தி, என்னைக் கீழே அழுத்தி உட்கார வைத்து, தானும் உட்கார்ந்தார். மூடியின்மேல் அமிலம் மழை மாதிரி விழுந்தது. ஓரங்களில் தெறித்தது. என் வலது முழங்கையில் முதலில் ஈரம், பிறகு சூடு, பிறகு யாரோ பீடியை வைத்து அணைப்பதுபோல ஓர் எரிச்சல். மூச்சு விட்டால் தொண்டையை அறுத்தது. "கண்ண மூடுங்க சார்! எது ஆனாலும் தொறக்காதீங்க!" என்றார். அந்தக் குரலில் அப்படி ஓர் அவசரம் நான் கேட்டதில்லை. கையுறை போட்ட ஒரு கை என் கண்களின்மேல் வந்து உட்கார்ந்தது. இன்னொரு கை மூடியைப் பிடித்திருந்திருக்கும். ரப்பர் வாடையும், வியர்வையும், இருட்டும். வாழ்நாளில் அவ்வளவு நெருக்கமாக ஒரு சுவர் என் முதுகில் பட்டதில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. தொட்டி காலியாகும் வரை பம்ப் நிற்காது என்பது தெரியும், தொட்டி நிறைய இருந்தது என்பதும் தெரியும். அந்த இருட்டில்தான் நான் சொன்னேன். சொல்ல வேண்டும் என்று முடிவெடுத்துச் சொல்லவில்லை. வாந்தி வருவதுபோல வந்தது. "மேடம், உள்ள இருக்கறது ஒரிஜினல் இல்லீங்க. குடிதண்ணிச் சுருளு. நாந்தான் லேபிள் மாத்துனேன்."

அவர் கை என் கண்ணிலிருந்து விலகவில்லை.

"தெரியும்ங்க."

"தெரியுமா?"

"மொதத் தடவ செட்ட மாத்துனப்பவே தெரியும். நீங்க கழட்டிப் போட்ட சுருள்ல ஒரு துண்டு வெட்டி ஆசிட்ல ஊறப் போட்டுப் பாத்தேன். ஒரிஜினல் அப்பிடி நைஞ்சு போவாதுங்க."

"அப்பறம் ஏன் கேக்கலீங்க?"

"கேட்டா நீங்க சொல்லிடுவீங்களோன்னு பயமா இருந்துச்சுங்க. சொல்லிட்டா நா ஏதாச்சும் பண்ணணும். எங்க போறது நாங்க?" பிறகு, குரலைத் தாழ்த்தி, கோபமே இல்லாமல் சொன்னார்: "நீங்க நம்பரு போட்டீங்க, நா கையெழுத்துப் போட்டேன். ரெண்டு பேரும் ஒரே பேப்பர்லதான் இருக்கறோம்ங்க."

சத்தம் திடீரென்று நின்றது. பம்ப் ஓடாத அந்த அறையின் அமைதி எனக்குப் பழக்கமில்லாத ஒன்று. சொட்டுகள் விழுவது கேட்டது. பிறகு வாசலில் அவர் கணவர் கன்னடத்தில் மனைவியைக் கூப்பிடுகிற குரல். கேட்டுக்குப் பக்கத்தில் ஓடும் சாக்கடையில், சிந்துகிற அமிலத்தை முறிக்க வைத்த சுண்ணாம்புக் குழி நேரங்கெட்ட நேரத்தில் நுரைத்துப் பொங்குவதைப் பார்த்திருக்கிறார். என்ன ஏது என்று யாரையும் கேட்காமல் ஓடிப்போய் மெயின் சுவிட்சை இழுத்துவிட்டிருக்கிறார். உள்ளே நாற்பது நிமிடமாவது இருந்திருப்போம் என்று நான் சத்தியம் செய்வேன். பத்து நிமிடம்கூட இல்லை என்று அவர் சொன்னார். நாங்கள் வெளியே வந்தபோது அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மனைவியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, கவசத்தைக் கழற்றி, ஒரு கண்ணையும் இன்னொரு கண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். "சும்னிரு," என்றார் டெஸ்ட்டம்மா. கணவர் ஒன்றுமே பேசியிருக்கவில்லை.

பாலக்கோட்டில் கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பியபோது மாமா வந்திருந்தார். என் கட்டைப் பார்த்து அவர் கண் கலங்கியது உண்மை. என் தலையைத் தடவினார். "சரக்கு துறைமுகத்துக்கு வந்துடுச்சாம்டா. இன்னும் ஒரு மாசம். அதுவரைக்கும் எப்பிடியாச்சும்," என்றார். பிறகு லேப் வாசலில் நின்று, "மேடம், இன்னிக்கி ரிப்போர்ட்ட வழக்கம்போல முடிச்சுடுங்க," என்று சொல்லிவிட்டு டேங்கர்காரர்களோடு பேசப் போனார். ஆட்கள் அறையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். வளையத்துக்கு மாற்று வளையம் எடுத்து வைத்தாயிற்று. மறுநாள் மீண்டும் ஓடும். அதே சுருள்கள், அதே ஆட்கள், அதே சந்து.

மாலை நான்கு மணிக்கு டெஸ்ட்டம்மா படிவத்தோடு என் மேசைக்கு வந்தார். செம்புக்கான கட்டம் காலியாக இல்லை. ஆறு குழாய்களுக்கும் ஆறு எண்கள் அந்தச் சின்னக் கட்டத்துக்குள் நெருக்கி எழுதப்பட்டிருந்தன. கீழே குறிப்பு: மெம்பரேன் அமிலம் தாங்கும் வகை அல்ல. அதன் கீழே அவர் கையெழுத்து. பக்கத்தில் சரிபார்த்தவர் இடம் காலி. பேனாவை என் பக்கம் நகர்த்தினார்.

"இந்தத் தடவ நம்பரு நா போட்டுட்டேனுங்க. கையெழுத்து நீங்க போடுங்க சார். ரெண்டு பேரு போட்டா நம்புவாங்க. நா மட்டும் போட்டா, புருஷன் கண்ணு போன கோவத்துல எழுதறாம்பாங்க."

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. அக்கா. "தம்பி, கை ரொம்ப வலிக்குதாடா? மாமா மத்தியானம் சாப்புடவே இல்ல. நீ கூட இருக்கறங்கற தைரியத்துலதான்டா நானே இருக்கறேன்," என்றாள். சரிக்கா, சரிக்கா என்று இரண்டு முறை சொல்லிவிட்டு வைத்தேன். டெஸ்ட்டம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். பேனா அங்கேயே இருந்தது. கட்டு முழங்கையில்தான், அதைப் பிடிக்க என் விரல்கள் நன்றாகத்தான் இருந்தன.

"ரெண்டு நாள் டைம் குடுங்க மேடம்," என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. முகம்கூட மாறவில்லை. கண்ணாடிக் கவசம் இல்லாமல் நிற்கிறவர்களை எப்படிப் பார்த்துக்கொண்டு நிற்பாரோ அப்படிக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரிங்க," என்று தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை ஒரு லோடு ஆட்டோ வந்தது. கட்டில், பீரோ, இரண்டு சாக்கு மூட்டை. ஆலையின் நாற்பது பேரும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்று பார்த்தார்கள். யாரும் கை கொடுக்கவில்லை. புகார் கொடுக்கப் போகிறார் என்று எப்படியோ பரவியிருந்தது. "எங்க வயித்துல அடிச்சுட்டுப் போறியேம்மா," என்று ஒருத்தி சத்தமாகவே சொன்னாள். அவள் சொன்னதில் தப்பில்லை. ஆலை மூடினால் அவளுக்கும் வேறு போக்கிடம் இல்லை. டெஸ்ட்டம்மா நின்று அவளைப் பார்த்தார். பிறகு போய் ஆட்டோவில் ஏறினார். கணவர் கேட்டைத் திறந்தார், ஆட்டோ வெளியே போனது, பிறகு அவரே வெளியிலிருந்து கேட்டைச் சாத்திவிட்டு ஆட்டோவில் ஏறிக்கொண்டார். நான் ஆபீஸ் ஜன்னலில் நின்றிருந்தேன். அன்றே டெஸ்ட்டம்மா தர்மபுரி அரசு அலுவலகத்துக்குப் போய் அந்தத் தாளைக் கொடுத்துவிட்டார். தனக்கு எதிராகவே போகக்கூடிய பழைய தாள்களின் விவரத்தையும், அவற்றில் தன் கையெழுத்து இருப்பதையும் எழுதிக் கொடுத்திருந்தார்.

பதினோரு நாள் கழித்து அதிகாரிகள் வந்தார்கள். அந்தப் பதினோரு நாளும் ஆலை ஓடியது. நான் கேட்ட இரண்டு நாள் எப்போது முடிந்தது என்று எனக்கே தெரியாது. பழைய படிவங்களை மேசையில் பரப்பி, "செம்பு அளவு மட்டும் வேற கையெழுத்தா இருக்கே, இது யாரு எழுதுனது?" என்று அதிகாரி கேட்டார். மாமா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நாந்தாங்க," என்றேன். பின்னாளில் இந்தக் கதையை ஒன்றிரண்டு பேரிடம் சொன்னபோது, நான் உண்மையைச் சொன்னேன் என்றுதான் முடித்திருக்கிறேன். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்வதும், கேட்காதபோது போய்ச் சொல்வதும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும். அவர் செய்தது இரண்டாவது. எனக்கு முதலாவதற்கே பதினோரு நாளும் ஓர் அதிகாரியும் தேவைப்பட்டார்கள்.

ஆலைக்குச் சீல் வைத்த மூன்றாவது வாரம் ஒரிஜினல் மெம்பரேன்கள் வந்து இறங்கின. பெட்டி பிரிக்காமல் முற்றத்தில் கிடந்தன. வழக்கு நடந்தது, அபராதம் விதித்தார்கள், மாமா ஆலையை வேறு ஒருவருக்குக் கைமாற்றிவிட்டு பெங்களூருக்குப் போய்விட்டார். அக்கா போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. இன்றுவரை போனை எடுப்பதில்லை. நாற்பது பேரில் பாதிப்பேர் பல மாதம் கழித்துத் திரும்பி வந்தார்கள். மீதிப்பேர் ஓசூர், திருப்பூர் என்று போய்விட்டார்கள். புது முதலாளிக்குக் குழாய்களின் நெளிவு சுளிவு தெரிந்த ஆள் வேண்டியிருந்தது. எனக்கு வேறு யாரும் வேலை தரத் தயாராக இல்லை. ஆகவே அதே மேசை, அதே ஜன்னல். இப்போது உள்ளே இருப்பது அமிலம் தாங்குகிற நல்ல மெம்பரேன். கழற்றி வைத்த சுவிட்சைத் திரும்ப மாட்டியது நான்தான். அது பம்பை நிறுத்தும் ஒவ்வொரு முறையும் நிறுத்தட்டும் என்று விட்டுவிடுகிறேன். சந்தின் கடைசியில் சுவரை உடைத்து ஒரு கதவு வைக்கச் சொன்னேன், வைத்தார்கள். இருந்தும் அந்த அறைக்குள் போனால் முதலில் என் முதுகுதான் சுவரைத் தேடுகிறது.

டெஸ்ட்டம்மா கம்பைநல்லூர்ப் பக்கம் ஒரு பால் கொள்முதல் நிலையத்தில் இருக்கிறார் என்று ஒரு டேங்கர் டிரைவர் சொன்னார். மூன்று வருடமாகத் தெரியும். போன மாதம்தான் போனேன். மாலைப் பால் வருகிற நேரம். கேன்களோடு வரிசை நின்றது. அவர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொருவர் பாலிலும் கொஞ்சம் எடுத்துச் சோதித்து எண்ணைச் சீட்டில் எழுதிக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும், "வாங்க சார். ஒரு பத்து நிமிசம் உக்காருங்க, இத முடிச்சுடறேன்," என்றார், நேற்றுப் பார்த்தவரைச் சொல்வதுபோல. ஒரு பெரியவர், தண்ணீரே கலக்கவில்லை என்று சண்டை போட்டார். "கலந்தீங்கன்னு நா சொல்லலீங்க. இதுல என்ன காட்டுதோ அதத்தான் எழுத முடியும்," என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார், குரலை உயர்த்தாமல்.

எங்கும் லேப் வேலை கிடைக்கவில்லையாம். பழைய படிவங்களில் இருந்த கையெழுத்து போகிற இடமெல்லாம் முன்னால் போய் நின்றதாம். சம்பளம் பாதிதான். அதையெல்லாம் ஒரு செய்திபோலச் சொல்லி முடித்துவிட்டு, "உங்க அக்கா பேசறாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "பேசுவாங்க," என்றார். அதற்குமேல் ஆறுதல் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் சொற்களைக் கோத்து வைத்திருந்தேன். அவர் டீ வாங்கிக் கொடுத்தார், குடித்தேன், கிளம்பினேன்.

பஸ் ஸ்டாப் வரைக்கும் அவர் கணவர் கூட வந்தார். நடக்கும்போது என்னைத் தன் வலது பக்கத்தில் வைத்துக்கொண்டார், பார்வை இருக்கிற பக்கத்தில். புளியமரத்தடியில் நின்றதும், "அவ உங்களப் பத்தி ஒரு நாளும் தப்பாப் பேசுனதில்லீங்க. நாந்தான் பேசுவேன்," என்றார்.

நான் தலையை ஆட்டினேன்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அன்னிக்கி ஏன் கையெழுத்துப் போடலீங்க?"

அக்காவைப் பற்றிச் சொல்லலாம் என்று வாய் திறந்தேன். மாமாவைப் பற்றி, நாற்பது குடும்பங்களைப் பற்றி. எல்லாமே உண்மையான காரணங்கள்தான். தர்மபுரி பஸ் தூரத்தில் வளைவு திரும்புவது தெரிந்தது.

"பயந்துட்டேனுங்க," என்றேன்.

அவர் கையை நீட்டி பஸ்ஸை நிறுத்தினார். நான் படியில் கால் வைத்த பிறகுதான் பதில் வந்தது.

"அவளுந்தாங்க பயந்தா."